மாப்பிள்ளைக் குதிரைக்குப் புது நெல்

எந்த இனம் நல்லது, எந்த இனத்தை வாங்கலாம் என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். காலையில் போனைத் திறந்தால் அதே கேள்வி. கூடவே ஒரு படம். அடையாள அட்டைக்குப் பிடித்த மாதிரிக் குதிரையின் முகம் மட்டும் இருக்கும். காலைக் காணோம். வயிற்றைக் காணோம். "காக்கா, இது அசல் அரபியா?" என்று அண்ணனைக் கேட்கிற மாதிரிக் கேட்பீர்கள். முகத்தை மட்டும் காட்டி விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பதுகூட உங்களுக்கு விளங்கவில்லையே.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்போது குதிரை வைத்திருக்கும் இளம் ஆட்கள் பலர். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள். பெருநாளைக்குப் படம் பிடிக்க விடுகிறீர்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சுமக்க வாடகைக்குக் கொடுக்கிறீர்கள். நல்ல தொழில். வளைகுடாவில் ஒரு பெரிய லாயத்தில் தலை நரைக்கும்வரை நான் செய்ததும் குதிரை வேலைதான். லத்தி அள்ளுவதில் தொடங்கி, கடைசியில் குட்டி ஈனும் குதிரைகளின் கொட்டிலுக்குப் பொறுப்பாக இருந்தேன். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. வாய் மட்டும் வேலை செய்கிறது. அதனால் எழுதுகிறேன். நல்ல வார்த்தை எதிர்பார்த்து வாசிக்காதீர்கள்.

என் வாப்பா கைத்தறி நெய்தவர். எங்கள் பக்கம் அப்போது குதிரை கிடையாது. கல்முனைக்குக் காணிவல் வந்தபோது கூடாரத்துக்குப் பின்னால் ஒரு குதிரையைக் கட்டியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ராட்டினத்துக்கு முன்னால் நின்றார்கள். நான் பின்னால் நின்றேன். அது என் சட்டைப் பொத்தானை உதட்டால் பிடித்துப் பார்த்தது. தின்னக்கூடிய பொருள் இல்லை என்று தெரிந்ததும் மூச்சை என் கழுத்தில் விட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பெண்சாதி ஹயாத்தோடு, உயிரோடு இருந்த காலத்தில் சொல்வாள், "உங்களுக்கு என்ட பேர விட உங்கட குதிரட பேருதான் வேளைக்கி வாயில வருது" என்று. பொய்யில்லை.

சரி, இனம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அரபி. நெற்றிக்குக் கீழே முகம் குழிந்து இறங்கும். ஓடும்போது வாலைத் தூக்கிப் பிடிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் விரும்புவது அதன் யோசனையை. நீங்கள் கயிற்றை எடுக்க நினைக்கும்போதே எங்கே போகப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடும். காய்ந்த மண்ணில் கொஞ்சம் தின்று நீண்ட தூரம் போன இனம். கொஞ்சம் போதும் என்பதை அதன் உடம்பு மறக்கவில்லை. நீங்கள்தான் மறக்கிறீர்கள்.

பந்தயத்துக்கு வளர்க்கும் தரோபிரெட்டை நான் மதிக்கிறேன். கால் உடைந்தாலும் ஓடும். அதுவே அதன் கெடுதி. ஓட்டம் முடிந்ததும் மனிதன் அதைத் தள்ளிவிடுகிறான். பந்தயம் நடக்கும் மலைநாட்டிலிருந்து இறக்கி, வயதைக் குறைத்துச் சொல்லி, "அரபி" என்று உங்கள் தலையில் கட்டுவது பெரும்பாலும் இதைத்தான். மார்வாரி இனத்துக் குதிரை லாயத்தில் ஒன்றே ஒன்று கண்டேன். இரண்டு காதும் உள்ளே வளைந்து நுனி தொடும். அந்தக் காதைப் பார்ப்பதற்காகவே தேநீர் வேளையில் அதன் கொட்டிலுக்குப் போவேன். வேறு காரணம் இல்லை.

இன்னொன்று நெடுந்தீவுக் குதிரை. ஒரு முறை படகேறிப் போய்ப் பார்த்தேன். குள்ளம், பரட்டை, எவருக்கும் பணியாது. உப்புக் காற்றில், இருக்கிற புல்லைத் தின்று நிற்கிறது. அதன் குளம்பு மாதிரிக் குளம்பை நான் வளைகுடாவில் எந்த விலை உயர்ந்த குதிரையிலும் காணவில்லை. அதை அங்கிருந்து கொண்டுவரச் சட்டம் விடாது. யாராவது களவாகக் கொண்டுவரும் எண்ணத்தோடு என்னிடம் ஆலோசனை கேட்டால் என் வாசலை மிதிக்க வேண்டாம்.

இனப் பேச்சு இவ்வளவுதான். உங்கள் குதிரையைக் காப்பாற்றப்போவது அதன் இனம் இல்லை. சாப்பாட்டு வேளையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் லாயத்தில் கண்ட ஒருவனைப் பற்றி. பஞ்சாபிலிருந்து வந்து லாடம் அடித்தவன். என்னைவிட இளையவன். பெயர் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். விடிந்ததும் ஒவ்வொரு குதிரையின் குளம்பையும் புறங்கையால் தொட்டுக்கொண்டு போவான். முகத்தை நிமிர்ந்தே பார்க்கமாட்டான். முகத்தை ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டேன். குதிரை இரையாகத் திரிந்த பிராணி, நோவைக் காட்டினால் தன்னைத் தின்றுவிடுவார்கள் என்று நினைக்கும், அதனால் முகத்தில் காட்டாது என்றான். பிறகு ஒரு நாள், அழகுப் போட்டிக்குப் போகவேண்டிய ஒரு பெண் குதிரையின் குளம்பு சுட்டது. முகாமையாளர் வந்து கத்தினார். லொறி வெளியே நின்றது. இவன் அந்தக் குதிரையின் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எழும்பவே இல்லை. வாதாடவும் இல்லை. காலடியில் ஒருவன் உட்கார்ந்திருக்கக் குதிரையை எப்படி நடத்துவது? லொறி வெறுமையாகப் போனது. அவனுக்கு அந்த மாதம் என்ன நடந்தது என்று நான் எழுதவில்லை. குதிரை பிழைத்தது.

இனி ஹில்மியின் கதைக்கு வருகிறேன். அவன் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

ஹில்மி சாய்ந்தமருதுக்காரன். ஓட்டோ ஓடியவன். ஓட்டோவை விற்றுவிட்டு ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினான். அரபியும் வேறு ஏதோவும் கலந்தது. பெண். பெயர் புறா. அவன் உம்மா வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்ன குதிரைக்கு, மூன்றாம் மாதம் அதே உம்மா வாசலில் நின்று பழத்தோல் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன். புறா அமைதியானவள். கம்பு தட்டி ஆடும் பொல்லடிக் கோஷ்டி காதுக்குப் பக்கத்தில் அடித்தாலும் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டாள். அவன் வீட்டில் உலை கொதித்தது அவள் காலில்.

அறுவடை முடிந்து கல்யாணங்கள் தொடங்கிய காலம். சம்மாந்துறையில் ஒரு ஹாஜியார், நெல் ஆலை வைத்திருப்பவர், மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை சாய்ந்தமருது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தி வரைக்கும் காரில் வந்து, சந்தியிலிருந்து பெண் வீட்டு வாசல் வரை குதிரையில் வருவதாக ஏற்பாடு. அது ஹாஜியாரின் ஆசை. இடம் பழகட்டும் என்று ஹில்மி கல்யாணத்துக்கு முதல் நாள் காலையே புறாவை ஹாஜியாரின் வீடும் ஆலையும் சேர்ந்த வளவுக்குக் கொண்டுபோய்க் கட்டினான். கட்டிவிட்டு, கல்முனையில் சேணத் துணி தைக்கக் கொடுத்திருந்ததை எடுக்கப் போய்விட்டான். அங்கிருந்து தலைமுடி வெட்டப் போனான். அங்கிருந்து வேறெங்கோ. மாலையில்தான் திரும்பினான்.

கல்யாணத்தன்று காலை எனக்குப் போன் வந்தது.

"காக்கா, புறா நடக்கிறாளில்ல."

"நடக்காட்டி என்ன செய்றா?"

"சும்மா நிக்கிறா. இழுத்தா பின்னுக்குச் சாயிறா. கோவமோ தெரியா."

"கோவம் உனக்கு வாய்க்கிற பொண்டாட்டிக்கி வரும். குதிர நடக்காட்டி நோவு. கயித்த விட்டுட்டு சும்மா இரி. வாறன்."

நான் போனபோது வளவு முழுக்கப் பந்தல். ஒரு பக்கம் சட்டிகள் அடுப்பில். புறா நெல் மூட்டை அடுக்கும் தாழ்வாரத்தில் நின்றாள். முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தைப் பின்னங்காலில் போட்டு, நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி நின்றாள். அந்த நிலையை ஒரு தடவை கண்டவனுக்கு வாழ்நாளில் மறக்காது. நான் குனிந்து குளம்பைத் தொட்டேன். அடுப்பில் வைத்த கல் மாதிரிச் சூடு. குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் விரலை வைத்தேன். நாடி தட்டவில்லை, இடித்தது.

உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குதிரை அளவுக்கு மிஞ்சித் தானியம் தின்றால் அது குடலில் புளித்து, நஞ்சு இரத்தத்தில் ஏறி, கடைசியில் குளம்புக்குள் இறங்கும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கும். அந்த நேரத்தில் நடத்தினால் பிடி விட்டுப்போகும், எலும்பு கீழே இறங்கும். அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. மாடு தானியத்தால் செத்தாலும் வயிறு ஊதிச் சாகும், உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். குதிரை காலால் சாகும். மாடு வளர்த்த ஊரில் இதை யாரும் நம்புவதில்லை.

"என்ன திண்டவ?" என்று கேட்டேன்.

ஹில்மி நிலத்தைப் பார்த்தான். "புல்லுதான் காக்கா."

"வேற?"

"புல்லுதான்."

பக்கத்தில் நின்ற ஹாஜியாரின் மச்சான் சொன்னார், "எங்கட வளவில புல்லுக்குக் கொறச்சலா? நல்லாத் திண்டா."

நான் தாழ்வாரத்தின் மூலையில் கிடந்த லத்தியை எடுத்து இரண்டாகப் பிளந்தேன். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார். உள்ளே முழு முழு நெல். உமிகூடக் கழறவில்லை. ஹில்மியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது எந்தப் புல்லுடா?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. மாலை திரும்பி வந்தபோது அவள் முன்னால் நெல் ஒட்டிய பேசின் பாத்திரத்தைக் கண்டிருக்கிறான். கல்யாண வீட்டில் வீட்டுக்காரர் கொடுத்ததைக் குறை சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

அதற்குள் ஹாஜியாரே வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. "நான்தான் குடுத்தன் காக்கா. இந்தப் போகத்து நெல்லு. மில்லில போட முன்னம் இவக்கெண்டு எடுத்து வச்சன். கொஞ்சம் சக்கரையும் பிசைஞ்சி மூணு வேளையும் குடுத்தம். என்ட மருமகனச் சுமக்கப் போறவ. மாப்பிள்ளைட குதிர என்ட வாசல்ல வெறும் புல்லத் திண்டுட்டு நிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?"

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு எப்படி வைத்துச் சாப்பாடு போடுவார்களோ, அப்படித்தான் அவர் குதிரைக்கும் போட்டிருக்கிறார். பேசின் வெறுமையானால் நிரப்பியிருக்கிறார்கள். அவளும் தின்றிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹாஜியார், நீங்க இவக்கு நஞ்சு குடுத்திரிக்கீங்க" என்றேன். பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கரண்டிச் சத்தம் நின்றது. ஹாஜியாரின் முகம் கறுத்தது. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

"கல்யாண வீட்டில இதென்ன கத?" என்று மச்சான் என் மேல் பாய்ந்தார். "எங்கட நெல்லத் திண்டு ஊரே உசிரோட இரிக்கி. உங்கட குதிர மட்டும் சாகுதா? அதென்ன கொழும்புக் குதிரயா?"

"ஓம், ஊரு சோத்தத்தான் திங்குது. நீங்க உமியோட ஒரு பேசின் திண்டு காட்டுங்க" என்றேன். அவர் வாயை மூடினார். ஆனால் அந்த வீட்டில் எனக்கு உதவ நினைத்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மிருக வைத்தியரைக் கூப்பிட்டோம். இளம் பெண், கல்முனைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. மாடும் ஆடும் பார்க்கிறவர். தாழ்வாரத்துக்குள் வந்ததும் முதலில் குளம்பைத் தொட்டார். அப்போதே என் நெஞ்சுக்குக் கொஞ்சம் காற்று வந்தது. குடலைக் கழுவினார், ஊசி போட்டார். பிறகு ஹில்மியைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"கவனமாக் கேளுங்க தம்பி. இந்த ஊசி நோவைக் குறைக்கும். கொஞ்ச நேரத்தில நல்லா நிப்பா. நீங்க சுகமாயிட்டா எண்டு நினைப்பீங்க. சுகமில்ல. நோவு தெரியாம இருக்கிற நேரத்தில நடத்தினாத்தான் கூடுதலாக் கெடும். காலை ஐஸில வையுங்க. குளம்பு முழுக்க மூடவேணும். நாளைக்கும் வையுங்க. நடத்தக் கூடாது. ஒரு அடியும்."

ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று அவருக்குப் போன் வந்தது. மாலையில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஹில்மி சாய்ந்தமருதுக்குப் போன் எடுத்தான். மீன் ஏற்றும் கூட்டாளி ஒருவன் ஐஸ் கொண்டுவருவதாகச் சொன்னான், ஆனால் வண்டி அப்போது ஒலுவிலில் நின்றது, வந்து சேர மாலையாகும். நாங்கள் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். பந்தலுக்கு அந்தப் பக்கம், சர்பத்துக்கு வாங்கிய ஐஸ் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தது. என் வாயால் நான் கெடுத்துக்கொண்ட வாசலில் போய் யாரிடம் கேட்பது? கேட்டேன். சமையற்காரன், "ஹாஜியாரக் கேட்டுத்தான் குடுப்பன்" என்றான். ஹாஜியார் வெளியே வரவில்லை.

மதியம் ளுஹர் தொழுது வரும்போது புறா தலையை நிமிர்த்தி நின்றாள். காதை முன்னே நீட்டினாள். ஹில்மியைக் கண்டு மெல்லக் கனைத்தாள். ஊசி வேலை செய்துவிட்டது.

மச்சான் தைத்து வந்த சேணத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். சரிகை வேலை. "பாத்தீங்களா? அல்லாஹ் சுகமாக்கிட்டான். சந்தியிலரிந்து வாசல் வரைக்கும்தானே. மெதுவாக் கூட்டிட்டு வாங்க. மறுகா ஐஸோ தண்ணியோ, நீங்க விரும்பினதச் செய்யுங்க."

ஹில்மி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் ஆசை இருந்தது. அவனுக்கும் அவள் சுகமாகிவிட்டாள் என்று நம்ப வேண்டியிருந்தது.

"காக்கா... மெதுவாக் கொண்டு போனா?"

நான் புறாவின் குளம்பைப் பார்த்தேன்.

"இல்லெண்டு சொன்னா இந்தப் பக்கம் இனி எனக்கொரு கல்யாணமும் வராது காக்கா. ஹாஜியார் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். நீங்க சொல்லுங்க, நடத்தேலாண்டு. நீங்க சொன்னா அது உங்கட சொல்லு, என்ட சொல்லில்ல."

"நான் காலையிலயே சொல்லிட்டன். வளவு முழுக்கக் கேட்டிச்சு. என்ட சொல்லுக்கு இஞ்ச பெறுமதியில்ல. கயிறு உன்ட கையில இரிக்கி."

இந்த இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள். லாயத்தில் வேலை செய்த காலம் முழுக்க என் கையில் இருந்தது வேறொருவனின் குதிரை. இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பஞ்சாபிக்கும் கிடையாது, அதனால்தான் அவன் மண்ணில் உட்கார்ந்தான். உங்கள் குதிரை உங்களுடையது. அந்த உரிமையை நீங்கள் பயன்படுத்தாமல் என்னைப் போல ஒரு கிழவனைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால் ஒளிந்தால், அந்தக் குதிரைக்குச் சொந்தக்காரனே இல்லை என்று அர்த்தம்.

ஹில்மி கொஞ்ச நேரம் அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து குளம்பைத் தொட்டான். ஊசி நோவை எடுத்திருந்தது, சூட்டை எடுக்கவில்லை. கயிற்றை என்னிடம் தந்தான். மச்சானின் கையிலிருந்த சேணத் துணியை வாங்கி மடித்து மூட்டை மேல் வைத்தான். நேரே வீட்டுக்குள் போனான். நானும் வாசல் வரை போய் நின்றேன், அவன் அடி வாங்கினால் இழுத்துக்கொண்டு வரலாம் என்று.

ஹாஜியார் உள்ளே கதிரையில் இருந்தார். ஹில்மி அவர் முன்னால் நிலத்தில் குந்தினான்.

"மாமா, நீங்க குடுத்ததில கொறையில்ல. உங்கட வீட்டில இரிந்ததில நல்லதத்தான் குடுத்தீங்க. அவக்கு என்ன குடுக்கோணும், எவ்வளவு குடுக்கோணும் எண்டு சொல்லாம ஊர் சுத்தப் போனது நான். பிழ என்னில."

ஹாஜியார் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப சொல்றன் மாமா. அவக்கு அளவு தெரியா. குடுத்தா திண்டுட்டே இரிப்பா, போதுமெண்டு சொல்லமாட்டா. இண்டைக்கி அவள நடத்தினா அவட கால் போயிரும். நாளைக்கி ஊரு என்ன சொல்லும்? ஹாஜியார்ட வாசல்ல திண்டுதான் அந்தக் குதிர மௌத்தாச்சிண்டு சொல்லும். உங்கட மகள்ட கல்யாண நாளில அந்தப் பேச்சு வேணாம் மாமா. அவ மாப்பிள்ளையத் தூக்கமாட்டா. நான் தரமாட்டன். எனக்கு உங்கட ஐஸ் வேணும்."

இதையெல்லாம் அவன் எங்கே படித்தான் என்று எனக்குத் தெரியாது. நான் இப்படிக் கதைக்கமாட்டேன். இந்த வயதில் இனி வரவும் வராது. ஆனால் நான் உண்மையைச் சொல்லி ஒரு துண்டு ஐஸ் வாங்கவில்லை. அவனும் உண்மையைத்தான் சொன்னான். "தரமாட்டன்" என்ற சொல்லை விழுங்கவும் இல்லை.

ஹாஜியார் எழும்பி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சமையற்காரனைப் பார்த்து, "அந்த ஐஸ் எல்லாத்தையும் குதிரட்ட கொண்டு போ" என்றார்.

"சர்பத்துக்கு ஹாஜியார்?"

"சூட்டோட குடிக்கட்டும். வாறவங்களுக்குக் கால் நோகல்லயே."

ஐஸ் கிடந்த இரண்டு வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டியின் பக்கங்களைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, புறாவின் முன்னங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தோம். ஐஸை உடைத்துக் குளம்பு மூடக் கொட்டினோம். அவள் என் தலையில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். மச்சான்கூட ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஐஸ் உடைத்தார். கோபத்தோடு உடைத்தார், ஆனால் நன்றாக உடைத்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை சந்தியிலிருந்து நடந்து வந்தார். முன்னால் பொல்லடி, பின்னால் ஊர். வாசலுக்குள் போகுமுன்பு தாழ்வாரத்தில் நிற்கும் குதிரையைக் கண்டு, கூட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தார். ஹில்மி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். மாப்பிள்ளை அவன் தோளைப் பிடித்துக் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்டும் சொல்லாதீங்க தம்பி. எனக்குக் குதிரயெண்டாப் பயம். மாமாட ஆசைக்கித்தான் ஓமெண்டன். ராத்திரி நித்திரயே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாருமே அவரைக் கேட்கவில்லை பாருங்கள்.

நிக்காஹ் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் பந்தல் கலையத் தொடங்கியபோது ஹாஜியார் தாழ்வாரத்துக்கு வந்தார். கல்யாண உடுப்போடு ஒரு நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். வைத்தியர் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஐஸை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். மீன்கார நண்பனின் ஐஸும் வந்து சேர்ந்திருந்தது, சூரை மீன் வாசத்தோடு.

"இவ தப்புவாளா?" என்று ஹாஜியார் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"தெரியா" என்றேன்.

இந்தச் சொல்லைச் சொல்லப் பழகுங்கள். சொந்தக்காரன் அழுதாலும், பணக்காரன் அதட்டினாலும், தெரியாவிட்டால் தெரியாது. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று பொய் சொன்னால், அவர்கள் நாளைக்கே கயிற்றை அவிழ்ப்பார்கள்.

அவர் புறாவின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அவக்குப் பசிக்காதா காக்கா? காலையிலரிந்து ஒண்டும் திங்கல்லயே. என்ட வாசல்ல நிக்கிறவ."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஹில்மி காய்ந்த புல்லில் ஒரு பிடியைத் தண்ணீரில் நனைத்து அவர் கையில் வைத்தான். "இவ்வளவுதான் மாமா. மறுகா நான் சொல்லக்குள்ள இன்னொரு பிடி." ஹாஜியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீட்டினார். புறா தின்றாள். அவர் இன்னொரு பிடிக்குக் கையை நீட்டி ஹில்மியைப் பார்த்தார். ஹில்மி இல்லை என்று தலையாட்டினான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

புறா தப்பினாள். உடனே அல்ல. பல நாள் அந்தத் தாழ்வாரத்திலேயே, ஈர மணலைக் குவித்து அதன் மேல்தான் நின்றாள். அடுத்த அறுவடை வரைக்கும் முதுகில் யாரையும் ஏற்றக் கூடாது என்றார் வைத்தியர். ஹில்மி ஏற்றவில்லை. வேறொருவரின் ஓட்டோவை ஓடிக்கொண்டு அவளுக்குப் புல் வாங்கினான். குளம்பு மேலிருந்து கீழே வளரும். அந்த நாளில் விழுந்த கோடு ஒன்று அவள் குளம்பில் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்து நுனிக்கு வந்து தேய்ந்து போனது. அதன் பிறகுதான் சேணத் துணியை வெளியே எடுத்தான்.

உங்கள் குதிரைக்குக் கெடுதி செய்ய நினைத்து எவரும் வரமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். நிறைந்த பேசினோடு வருவார்கள். அவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாவிட்டால் குதிரை வைக்காதீர்கள், ஆடு வையுங்கள்.

ஹில்மி இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் புறாவைக் கட்டிய இடத்திலேயே பாயைப் போட்டுப் படுக்கிறான். வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறான்: "அவக்குச் சாப்பாடு என்ட கையால மட்டும்தான். நீங்க அவக்குக் குடுக்க விரும்பினத எனக்குத் தாங்க." அவர்கள் சிரித்துக்கொண்டு கொண்டுவந்து வைக்கிறார்கள். மாப்பிள்ளைப் பக்கத்தில் யாரோ ஒருவன் வயிறு நிறையத் தின்றால் அவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. புறா புல் தின்கிறாள். இவன் புரியாணியும் வட்டிலப்பமும் தின்கிறான். போன கிழமை கடற்கரையில் கண்டேன், வயிறு சட்டைக்கு வெளியே தள்ளுகிறது. இப்படியே போனால், இவன் அவள் மேல் ஏறக் கூடாது என்று நான்தான் இனிச் சொல்லவேண்டி வரும்.